ஒன்பது வருஷம் நின்ற வண்டியும் நாலு கேள்விகளும்

வெளியூரிலோ வெளிநாட்டிலோ பிழைக்கப் போன நம்மாட்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொத்து உண்டு. ஊரில் சும்மா நிற்கும் வண்டி. சிலர் வீட்டில் அப்பாவின் பஜாஜ் சேட்டக், சிலர் வீட்டில் ஒரு டிவிஎஸ் 50, கொஞ்சம் வசதியான வீடு என்றால் ஷெட்டில் ஒரு அம்பாசடர். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போவோம். பழைய வேட்டியை எடுத்துத் தூசி தட்டுவோம். முப்பது உதை உதைப்போம். சட்டை நனைந்ததும், "இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லப்பா, வித்துடலாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு ஆட்டோ பிடிப்போம்.

இந்தப் பதிவு அந்த வண்டிகளுக்காக. முப்பது உதைக்குப் பதிலாக நாலு கேள்வி கேட்டால் போதும் என்பதுதான் விஷயம். அதைச் சொல்லித் தந்தவர் எங்க அப்பா. அடியேன் வெறும் பி.காம்., அதோடு வங்கி உத்தியோகம். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது வரைக்கும் தெரியும் :-)

முதலில் இடம் பொருள் ஏவல். நான் இருப்பது ஹெப்பாளில். உடனே பெங்களூரு மேம்பாலத்தையும் டிராஃபிக்கையும் நினைத்துப் பரிதாபப்படாதீங்க. இது மைசூரு ஹெப்பாள். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் இன்ஃபோசிஸ் வளாகம், நடுவில் ஒரு ஏரி. மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் கும்பகோணம்.

அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனசு வரவில்லை. 2025 ஜூனில் ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவரை இங்கே அழைத்து வந்தோம். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வயசு எழுபத்தாறு. கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"நான் வரணும்னா வண்டியும் வரணும்."

வண்டி என்றால் 1986இல் வாங்கிய யெஸ்டி 250. கருப்பு டேங்க், இரண்டு சைலன்சர். 2016இல் ஆர்.சி. காலாவதியான சமயம் அப்பாவுக்கு முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குக் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் நிறுத்தியதுதான், அதன்பிறகு எடுக்கவில்லை. சாமான் ஏற்றிய லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கயிறு போட்டுக் கட்டி அதையும் ஏற்றினோம். தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். நான் கட்டிலைப் பார்த்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியைப் பொறுத்தவரை அது வெளியூருக்கு வரவில்லை, பிறந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறது. ரஸ்டம் இரானியும் ஃபரோக் இரானியும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது இதே மைசூரின் யாதவகிரியில். எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். 1961இலிருந்து ஜாவா வண்டிகள் அங்கேயிருந்து வந்தன. எழுபதுகளில் பெயர் யெஸ்டி ஆனது. 1996இல் உற்பத்தி நின்றது. யெஸ்டி என்ற பெயரில் 2022இல் மறுபடியும் வண்டிகள் வந்தன. ஆனால் அவை நாலு ஸ்ட்ரோக், எங்கள் வீட்டுக் கதைக்குச் சம்பந்தம் இல்லாதவை.

இங்கே வந்த முதல் மாதம் அப்பா அதிகம் பேசவில்லை. பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பேச யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக "பன்னி ஸார், பன்னி" என்று கூப்பிட்டதும் முகம் சிவந்து உள்ளே வந்துவிட்டார். அது கன்னடத்தில் "வாங்க" என்று நான் புரிய வைப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. எட்டாவது படிக்கும் என் பெண் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமுமாக இருப்பவள். தாத்தா பேசும் கும்பகோணத் தமிழ் அவளுக்குப் பாதிதான் பிடிபடும். "சாப்ட்டியா கண்ணு?" "ம், சாப்ட்டேன் தாத்தா." ஒரு நாளைக்கு அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

இந்த நிலையில் வீட்டு உரிமையாளர் வந்தார். நல்ல மனிதர். போர்ட்டிகோவில் தன் காரையும் நிறுத்த வேண்டியிருப்பதால், ஓடாத வண்டியை மாதக் கடைசிக்குள் எடுத்துவிடச் சொன்னார். ஓடுகிற வண்டி என்றால் ஓரமாக நிற்கட்டும், பரவாயில்லை என்றார். பழைய இரும்புக்காரர் ஒருவரும் வந்து சுற்றிப் பார்த்து, எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போனார். அப்பா எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவர் சொல்றதும் நியாயம்தான். ஓடாத ஒண்ணுக்கு எதுக்கு இடம்?"

யாரும் பதில் பேசவில்லை. தங்கமணிதான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வண்டியைப் பாருங்க மாமா. அதையும் பார்த்துடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்தார். நான் நேராகப் போய் கிக்கரில் காலை வைத்தேன். யெஸ்டியில் கியர் லீவர்தான் கிக்கரும். உள்ளே அமுக்கித் திருப்பினால் கிக்கராகிவிடும்.

"தம்பி, கால எடு. ஒத உடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி இருக்கு. பாப்பா, நோட்டு எடுத்துட்டு வா."

அவள் எடுத்து வந்தாள். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினாள். "தாத்தா, எரிபொருள்னா பெரிய ளவா, வேற ழவா?" என்று வரிக்கு ஒரு சந்தேகம். அந்த நாலு கேள்விகளைத்தான் கீழே தருகிறேன்.

ஒன்று: சுத்துதா?

ரொம்ப நாள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். அப்படியே ஓங்கி உதைத்தால் சுவரில் கீறல் விழும், வளையம் உடையும். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் போதும். அப்புறம் பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு இன்ஜினைச் சுற்றினால், காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளினால் அமுக்கம் இருக்கிறது. எங்கள் வண்டியில் இருந்தது. அப்பா விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ம், உயிர் இருக்கு" என்றார்.

இரண்டு: பெட்ரோல் வருதா?

வருகிறதா என்பது மட்டுமல்ல, வருவது பெட்ரோல்தானா என்றும் பார்க்க வேண்டும். பெட்ரோல் நின்றால் கெடும். லேசான பகுதிகள் ஆவியாகிவிடும், மிச்சம் பிசின் மாதிரி ஆகும். டேங்கின் அடியில் இருந்ததை ஒரு பழைய டப்பாவில் பிடித்தோம். தேன் நிறம், வார்னிஷ் நாற்றம், துருத்தூள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவதால் பிசின் இன்னும் அதிகம்.

டேங்க்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் டீசலும் ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் போட்டு நன்றாகக் குலுக்கி, தண்ணீர் நிறத்தில் வரும்வரை அலசினோம். டேப்பில் இருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்தோம். வெடித்துப்போன ரப்பர் குழாயை மாற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்தால் மிதவைக் கிண்ணத்தில் பச்சைப் பாசி மாதிரி ஒன்று. ஐடில் ஓட்டத்துக்கு வழி விடும் சின்ன ஜெட்டில் ஓட்டையே தெரியவில்லை. அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதானால் அளவு கெட்டுப் போகும். கார்புரேட்டர் க்ளீனர் அடித்து, ஊற வைத்து, காற்றால் ஊத வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை போல ஒளி தெரிய வேண்டும். என் கண்ணுக்குத் தெரியவில்லை, அப்பா கண்ணுக்கும் தெரியவில்லை. பாப்பாதான் பார்த்துச் சொன்னாள்.

புது பெட்ரோலில் லிட்டருக்கு 40இலிருந்து 50 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றினோம்.

மூன்று: நெருப்பு வருதா?

இந்த இடத்தில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கரண்டோடு பழகியவர். பிளக்கைக் கழற்றி, அதன் மூடியை மாட்டி, பிளக்கின் உடம்பு சிலிண்டர் தலையைத் தொடும்படி வைத்து, சாவியைப் போட்டு இன்ஜினைச் சுற்றினால், நுனியில் நீலப் பொறி விழ வேண்டும். (சிந்தின பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வைத்துச் செய்யுங்க. வீட்டைக் கொளுத்திவிட்டு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.)

பொறி இல்லை. இந்த வண்டிக்கு 6 வோல்ட் பேட்டரி. அது செத்தால் நெருப்பும் இல்லை. புது பேட்டரிக்கு ஊர் சுற்றினேன். எல்லாக் கடையிலும் 12 வோல்ட்தான். நாலாவது கடையில் கிடைத்தது. மாட்டியதும் பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, சோகையாக. அடுத்து பாயிண்ட். இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும் இடம் அது. சும்மா நின்றால் அந்த முனைகளில் ஆக்ஸைடு படலம் படிந்துவிடும். நைஸ் எமரி பேப்பரால் ஒரு தேய், சுத்தமான துணியால் ஒரு துடை, இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். இந்தத் தடவை "டிக்" என்று நீலமாக விழுந்தது. பாப்பா கை தட்டினாள்.

நான்கு: காத்து சரியா?

ஃபில்டரில் எலி பஞ்சு சேர்த்து வைத்திருந்தது. ஒரு சைலன்சரில் குளவி மண்கூடு. இரண்டையும் எடுத்தோம். இப்போது நாலும் சரி. உதைத்தேன். "டப்... டப்டப்..." என்று பிடித்தது, உர்ரென்று வேகம் எடுத்தது, பொட்டென்று நின்றது. மறுபடியும் அதே. பத்து தடவையும் அதே.

மைசூரில் ஜாவா, யெஸ்டி தெரிந்த பழைய கைகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவர் வந்து பார்த்தார். அப்பாவுக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "பாயிண்ட்?" "ஓகே." "கண்டென்சர்?" "ஓகே." "ஜெட்?" "க்ளீன்!" இப்படியே அரை மணி நேரம் இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவர் என்னிடம் சொன்னது: கிராங்க் சீல் காய்ந்திருக்கலாம், இன்ஜினைப் பிரிக்கணும், எப்படியும் பதினைந்து நாள் ஆகும். மாதக் கடைசிக்கு இருந்தது ஆறு நாள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் போவது கிராங்க் அறைக்குள். வேறு எங்கிருந்தாவது காற்று உள்ளே புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும், இன்ஜின் வேகம் எடுத்துச் செத்துவிடும். நின்று காய்ந்த ரப்பர் சீல் அதற்கு ஒரு வழி.

அப்பா கேட்டுக்கொண்டார். அவர் போனதும், "இன்னொரு தடவை ஒத" என்றார். உதைத்தேன். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"காத்து குடிக்குது. ஆனா எங்க குடிக்குதுன்னு பாக்காம இன்ஜினைப் பிரிக்கறதா? காசு கொறைஞ்ச சந்தேகத்த மொதல்ல பாரு தம்பி. காசு அதிகமானது கடைசில."

இது எங்கள் தொழிலிலும் உண்டு. ட்ரயல் பேலன்ஸ் இடித்தால் எடுத்தவுடனே மொத்த லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54ஐ 45 என்று எழுதியது போல. இரட்டைப்படை என்றால், அதில் பாதித் தொகை பற்றில் போக வேண்டியது வரவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டு நிமிஷத்தில் முடிகிற சோதனை முதலில், இரண்டு நாள் எடுப்பது கடைசியில். பி.காம். படித்த எனக்கு அப்பா அன்றைக்குத்தான் முழுசாகப் புரிகிற பாஷையில் பேசினார் :-)

கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தைச் சுற்றி கெட்டியாக கிரீஸ் அப்பச் சொன்னார். அப்பினேன். உதைத்தேன். பிடித்தது. பத்து எண்ணும் வரை நின்று ஓடியது. கிரீஸ் உள்ளே இழுபட்டதும் மறுபடி நின்றது. அவ்வளவுதான், இடம் தெரிந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் அந்த இடத்துப் பேக்கிங் காய்ந்து அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. பேக்கிங் தாள் வாங்கி வந்து, அப்பா பென்சிலால் வரைந்து கொடுக்க, பாப்பா கத்தரிக்கோலால் வெட்டினாள். செலவு ஒரு காபிக்கும் கீழே.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாவது உதையில் எழுந்தது. தெரு முழுக்க நீலப் புகை. அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது. எதிர்வீட்டுக்காரர் வந்தார், மாடியிலிருந்து வீட்டு உரிமையாளரும் இறங்கி வந்தார். அவர் அண்ணன் ஜாவா வைத்திருந்தாராம். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போக, அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். வண்டியை எடுப்பது பற்றி அவர் பிறகு பேசவேயில்லை.

"வா, யாதவகிரி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்றார் அப்பா. நான் மாட்டேன் என்றேன். ஆர்.சி. இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. ரோட்டில் யார் மேலாவது இடித்தால் என்ன ஆகும்? அவர் முகம் வாடியது. ஆனாலும் இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. மறுநாள் ஆட்டோவில் அழைத்துப் போனேன். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போகலாமா என்று கேட்டேன். "அப்பறம் பாத்துக்கலாம், ஃபேக்டரி எங்க இருந்துச்சுன்னு கேளு" என்றார். கேட்டுக்கொண்டு போய், அந்தப் பக்கத்து ரோட்டோரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம்.

ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன். இன்ஜின் எழுந்தால் மட்டும் வண்டி எழுந்ததாக ஆகாது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், புகைச் சான்று தனி. எங்கள் பாஷையில் சொன்னால் இது செயல்படாத கணக்கு மாதிரி. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் வரவு செலவு எதுவும் செய்யாவிட்டால் கணக்கு அந்தப் பட்டியலில் போய்விடும். பணம் எங்கும் போகாது, ஆனால் காகிதம் கொடுத்துத்தான் எழுப்ப முடியும். (அப்பா, அம்மாவின் பழைய பாஸ்புக்குகளையும் இந்த லீவில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.)

இன்னொன்று. முன்பு மாதிரி வண்டியில் பெட்ரோலை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். இந்தியாவில் 2022இல் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலப்பை எட்டினார்கள், 2025இல் அது சுமார் இருபது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டேப் பெட்ரோல் எடுப்பதும் அடியிலிருந்துதான். பழைய இரும்பு டேங்க்குக்கும் ரப்பர் குழாய்க்கும் இது ஆகாது. மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்க்கைக் காலி செய்து உள்ளே லேசாக ஆயில் படிய விடுங்கள். டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால் கார்புரேட்டரும் காலியாகும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்து, அதை எடுக்கச் சொல்லி ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

முக்கியமாக, விற்பதற்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். வண்டி எழாமல் போனாலும் போகட்டும், அவருக்குத் தெரிந்தது உங்கள் வீட்டு நோட்டில் ஏறட்டும்.

எங்கள் காகிதங்கள் கும்பகோணத்துக்கும் மைசூருக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கின்றன. அதுவரை வண்டி காம்பவுண்டைத் தாண்டாது. பாப்பாவின் நோட்டில் நாலு கேள்விகளுக்குக் கீழே தாத்தா ஐந்தாவதாக ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து நிமிஷம் ஓட விட வேண்டும்." எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு என் தூக்கம் கெடுகிறது.